கேஸ்ட்ரிக் என்று சொன்ன வருடங்கள்

எங்கள் ஊரில் வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்ட்ரிக்தான். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கேஸ்ட்ரிக். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கேஸ்ட்ரிக். திங்கட்கிழமை வேலைக்குப் போக மனமில்லை என்றால்கூட அதே பெயரில் ஒரு நாள் லீவு கிடைக்கும். மலாய்க்காரர், சீனர், நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி உச்சரிக்கும் சொற்களில் அதுவும் ஒன்று. அதனால் முப்பதைத் தாண்டிய வயதில் எனக்கு மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் தொடங்கியபோது, அது என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அப்போதும் இப்போதும் எங்கள் வீடு கிள்ளானில்தான். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். மகள் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ரயிலைப் பிடித்து ஓடுவேன். காலைச் சாப்பாடு என்பது அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் ஒரு தே தாரிக், பால் டீ. இப்படி ஓடினால் கேஸ்ட்ரிக் வராமல் என்ன செய்யும் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். அலுவலகம் ஏற்பாடு செய்திருந்த பேனல் கிளினிக் டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். காரத்தைக் குறைக்க வேண்டும், வெறும் வயிற்றில் தே தாரிக் கூடாது, மனதில் கவலை வைத்துக்கொள்ளக் கூடாது. கையோடு இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. தின்ற வரைக்கும் வலி இல்லை. தீர்ந்த சில நாட்களில் திரும்ப வந்துவிடும். மறுபடி கிளினிக், மறுபடி இரண்டு வாரம். தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அலுவலகத்தில் சொன்னார்கள், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடச் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் வலி தாங்க முடியாதபோது மட்டும் சாப்பிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்.

வலியை நான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாதது இன்னொன்று. அடிக்கடி வயிற்றால் போகும். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. சாப்பிட்டாலும் போகும், சாப்பிடாமல் பட்டினி கிடந்தாலும் போகும். வலியைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசலாம், அனுதாபமும் கிடைக்கும். இதைப் பேச முடியுமா? ஒரு முறை கூச்சத்தை விட்டு வேறொரு கிளினிக்கில் சொன்னேன். வெளியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்த என்று கறுப்பாக ஒரு கரி மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு முறை போனபோது சிலருக்குக் குடல் கொஞ்சம் பயந்த சுபாவம், பதட்டப்பட்டால் இப்படித்தான் என்றார்கள். நான் பதட்டக்காரிதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆகவே எனக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று ஏற்றுக்கொண்டேன். ஒன்று கேஸ்ட்ரிக். இன்னொன்று என் சுபாவம்.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை போகும் அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. எந்த ஸ்டேஷனில் தண்டாஸ் எந்தப் பக்கம், எது பூட்டியிருக்கும், எதில் தண்ணீர் வராது, எதில் தாள் வைத்திருப்பார்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஷா ஆலாமில் இறங்கியிருக்கிறேன், சுபாங் ஜெயாவில் இறங்கியிருக்கிறேன். இறங்கி, ஓடி, திரும்பி வந்து அடுத்த வண்டிக்குக் காத்து நின்று, தாமதமாக அலுவலகம் போய், ரயில் லேட் என்று பொய் சொல்லியிருக்கிறேன். கைப்பையில் மாற்றுத் துணி ஒன்று எப்போதும் இருக்கும். பெரிய பையாகத் தூக்கித் திரிகிறாயே என்று கேட்பவர்களிடம் குடை என்பேன். அலுவலகத்தில் என் மேசையைக் கழிப்பறைக்குப் போகும் நடைபாதை ஓரமாக மாற்றிக் கேட்டதற்கும் ஜன்னல் வெயிலைக் காரணம் சொன்னேன்.

இதையெல்லாம் அனுபவித்தது நான் ஒருத்தி மட்டும் என்றால் இன்று இவ்வளவு வருத்தம் இருக்காது.

என் கணவர் ஊர் சுற்றப் பிரியப்பட்டவர். குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, சாலையில் போக வேண்டும் என்ற ஒரே ஆசை. துறைமுகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் பெட்டிகள் எங்கெங்கோ போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை அல்லவா, அதனாலோ என்னவோ. கல்யாணமான புதிதில் தவணையில் ஒரு பழைய ஏழு இருக்கை வண்டி வாங்கினார். பின்னால் பாய், அடுப்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் வைக்கலாம் என்று எனக்குக் கதவைத் திறந்து காட்டினார். பினாங்கு போகலாம், அப்படியே மேலே தாய்லாந்து எல்லை வரை போகலாம், கிழக்குக் கரையில் கடல் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாலையைப் பற்றிப் பேசுவார். மகள் பிறப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை போகவும் போனோம். கேமரன் மலையில் சாலையோரம் நிறுத்தி அவித்த சோளம் வாங்கித் தின்றது நினைவிருக்கிறது. குளிரில் எனக்கு அவருடைய சட்டையைப் போட்டுவிட்டார்.

நோய் வந்த பிறகு நெடுஞ்சாலை என்றாலே எனக்குப் பயம். ஓய்விடங்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஒன்றுதான் அந்தச் சாலையில் எனக்குத் தெரியும். முதலில் காரணங்கள் சொன்னேன். மகளுக்குப் பரீட்சை, அலுவலகத்தில் ஆள் இல்லை, மழைக்காலம். பிறகு காரணம் தேடவும் அலுப்பாகி, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. வற்புறுத்தியதும் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கேரி தீவு வரை போய், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஓட்டிவிட்டுத் திரும்பி வருவார். எப்படி இருந்தது என்று கேட்டால், நல்லா இருந்துச்சு என்பார். வண்டி நிறைய இறால் வாசம் வரும். எனக்குப் பொட்டலம் கட்டி வாங்கி வந்திருப்பார்.

ஒரு முறை சாலாக் செலாத்தானில் அவருடைய சித்தப்பா மகன் கல்யாணம். நான் போனேன். அந்த வாரம் வலி அதிகமாக இருந்ததால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் கடைசி வரை இருந்தேன், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், மணப்பெண்ணோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் பெடரல் சாலையில் நெரிசல். வண்டி நகராமல் நின்றபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“நீ மாத்திர சாப்பிடுற வாரத்துல மட்டுந்தான் வெளிய வர்ற. கவனிச்சியா?”

“வலி இல்லன்னா வரமாட்டேனா?”

“நான் வலிய சொல்லல. இன்னிக்கு நீ டாய்லெட் எங்கன்னு கேக்கவே இல்ல.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனையோ இடங்களில் நுழைந்ததும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்பதை அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் சொன்னதன் அர்த்தம் உறைக்கவில்லை. மகள் பின்னால் தூங்குகிறாள், மெதுவாகப் பேசுங்கள் என்று பேச்சை மாற்றினேன். அவரும் விட்டுவிட்டார். அவர் ஷிப்பிங் ஆள், நான் கிளார்க். இரண்டு கோளாறும் ஒரே மாத்திரைக்கு அடங்குகிறதென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்று என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இடையில் ஒரு தடவை வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது. வயிற்றில் ஒரு கிருமி இருக்கலாம், அதுதான் புண் போடும் என்று சொல்லி அதற்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்து முடிந்து கொஞ்ச நாள் நன்றாக இருந்தேன். பிறகு பழையபடி. மறுபடி குழாய் விடப் பயந்து நான் போகவில்லை.

மகள் வளர்ந்து, பல்கலைக்கழகம் போய், பட்டம் வாங்கும் நாளும் வந்தது. முன்தினம் மதியத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு காலியாக இருந்தால் தொந்தரவு வராது என்று எனக்கொரு நம்பிக்கை. பலமுறை பொய்த்த பிறகும் அந்த நம்பிக்கையை நான் விடவில்லை. புதிதாக ஒரு பட்டுச்சேலை கட்டியிருந்தேன். மண்டபத்தில் எங்களுக்கு வரிசையின் நடுவில் இடம். பட்டம் வாங்குபவர்களின் ஊர்வலம் தொடங்கியதும் கதவுகளை மூடிவிட்டார்கள். பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போதே வயிறு முறுக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ட்டு வா என்று காதோரம் சொன்னார். முழங்கால்களை இடித்துக்கொண்டு எல்லோரையும் தாண்டி வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது உள்ளே விடவில்லை. அந்த அமர்வு முடியும்வரை கதவு திறக்கக் கூடாது என்பது விதி என்று வாசலில் நின்ற பெண் பணிவாகத்தான் சொன்னாள். வெளிக்கூடத்தில் பூங்கொத்தும் கரடிப் பொம்மையும் விற்கிற மேசைகளுக்கு நடுவில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. என் மகள் மேடையேறிப் பட்டம் வாங்கியதை அதில்தான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பெயரை அழைத்தார்களா, சரியாக உச்சரித்தார்களா என்று தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது அவள் கூட்டத்துக்குள் தலையைத் திருப்பித் தேடினாள். பிறகு முன்னால் பார்த்து நடந்தாள்.

வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும், அம்மா எந்த இடத்திலும் பாதியில் எழுந்து போவாள் என்று. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று முழுக்க இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஒரு காலை, அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. கரி மாத்திரையால் என்று நினைத்திருந்தேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் இருந்த புண் ஒன்று ரத்தக் குழாயை அரித்துவிட்டிருந்தது. குழாய் விட்டு அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் வார்டுக்கு ஓர் இளம் டாக்டர் வந்தாள். தமிழ்ப் பெண். என் மகளைவிடச் சற்று மூத்தவளாக இருப்பாள். களைத்த முகம், ஆனால் அவசரப்படாமல் கேட்டாள்.

“ஆன்டி, மூட்டு வலி, தலைவலின்னு மாத்திர ஏதாச்சும் அடிக்கடி எடுக்கிறீங்களா? நாட்டு மருந்து, ஜாமு ஏதும்?”

இல்லை என்றேன். கிருமிச் சோதனையிலும் ஒன்றும் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புண் இருக்கிறது, புண்ணுக்கான வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வயிறு எப்படிப் போகிறது என்று கேட்டாள். அடிக்கடி போகும், ஆனால் அது வேறு விஷயம், பதட்டத்தால் வருவது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

என் கணவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். டாக்டர்களிடம் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

“வேற விஷயம் இல்ல டாக்டர். மாத்திர சாப்பிட்டா ரெண்டும் நிக்கும். விட்டா ரெண்டும் வரும். ரொம்ப வருஷமா அப்படித்தான்.”

அவள் திரும்பி வந்தாள். “இன்னொரு தடவ சொல்லுங்க அங்கிள்.”

அவர் சொன்னார். சாலாக் செலாத்தான் கல்யாணத்தைச் சொன்னார். மாத்திரை சாப்பிட்ட வேறு ஒரு வாரம் அம்பாங்கில் நண்பர் வீட்டுக் குடிபுகல் நிகழ்ச்சிக்குப் போய் நான் நிம்மதியாக இருந்ததைச் சொன்னார். நானே மறந்துபோனது அது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்னோடு வெளியே போன நாட்களெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தன. அவ்வளவு குறைவு.

பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தபோது அந்த டாக்டர் தாளில் வயிற்றை வரைந்து விளக்கினாள். இதுவரை வயிறு என்றால் ஒரு பை, குடல் என்றால் ஒரு குழாய் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்டபோது அவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பேச்சுவார்த்தையா என்று இருந்தது. சோறு வயிற்றுக்குள் விழுந்ததும், வயிறு குடலுக்குத் திறக்கும் வாசலோரம் உள்ள சில செல்கள் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுமாம். அது உடம்பெல்லாம் சுற்றி மறுபடி வயிற்றுக்கே வந்து, சாப்பாடு வந்தாயிற்று, அமிலத்தை ஊற்று என்று சொல்லும். அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும் கேஸ்ட்ரின் அடங்கிவிடும். அரைபட்ட உணவு அமிலத்தோடு சிறுகுடலுக்கு இறங்கும்போது செக்ரிட்டின் என்று இன்னொன்று கிளம்பும். கணையத்திடம் போய், அமிலம் வருகிறது, அதை முறிக்கிற நீரை அனுப்பு என்று சொல்லும். கொழுப்பு வந்திருந்தால் அதற்கென்று இருக்கும் ஹார்மோன் போய்ப் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். வயிறே, கொஞ்சம் மெதுவாக அனுப்பு என்றும் சொல்லும். ஒவ்வொன்றும் தன் வேலை முடிந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அடுத்த வேளை சாப்பாடு வரும்வரை எல்லாம் அமைதி.

எனக்கு அந்த அமைதி இல்லாமல் போயிருக்கலாம் என்று அவள் சந்தேகப்பட்டாள். எங்கேயோ ஒரு சின்னக் கட்டி இருந்து, யாரையும் கேட்காமல் கேஸ்ட்ரினைச் சுரந்துகொண்டே இருந்தால், சோறே வராதபோதும் சோறு வந்ததாக நினைத்து வயிறு அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் புண். அந்த அமில வெள்ளம் குடலுக்குள் இறங்கினால், முறிக்கிற நீர் போதாது. உணவைச் செரிக்க வைக்கிற என்ஸைம்களும் அமிலத்தில் வேலை செய்யாது. அதனால்தான் வயிற்றுப்போக்கு. கேஸ்ட்ரிக் மாத்திரை அமிலத்தை நிறுத்துகிறது, ஆகவே இரண்டும் நிற்கின்றன. பட்டினி கிடந்தும் எனக்கு ஏன் போனது என்பதற்கும் அதுதான் பதில். பட்டமளிப்பு விழாவுக்கு முன் நான் ஒரு பருக்கை சோறு தின்னாமல் இருந்ததை நினைத்தேன்.

மிகவும் அபூர்வமான நோய் என்றாள். பல டாக்டர்கள் தங்கள் காலம் முழுவதும் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்களாம்.

சோதனைக்காகச் சில நாட்கள் அந்த மாத்திரையை நிறுத்தி, வேறொன்றைக் கொடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்கள் மோசமானவை. வெறும் வயிற்றோடு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரப் பல வாரம் ஆனது. கேஸ்ட்ரின் இருக்க வேண்டிய அளவைவிட எத்தனையோ மடங்கு இருந்தது. பிறகு கோலாலம்பூரில் ஒரு ஸ்கேன். திரையில் சிறுகுடலின் மடிப்பில் ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்தது. பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். இது புற்றுநோய்க்குச் சொந்தம்தான், ஆனால் ரொம்ப மெதுவான ஆள் ஆன்டி, இவ்வளவு வருஷம் ஓடியும் பெரிதாகப் பரவவில்லை, அதிர்ஷ்டம் என்றாள் டாக்டர். அவள் அதிர்ஷ்டம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் புரிந்துகொண்டு சிரித்தாள்.

அறுவைச் சிகிச்சை செய்து அந்தப் பயறையும் பக்கத்தில் இருந்த ஒரு நெறிக்கட்டியையும் எடுத்தார்கள். தையல் ஆறி, கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்து, மெல்ல மெல்ல நான் சரியானேன். ஆண்டுக்கொரு முறை சோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கிள்ளானில் ஏறியவள் கேஎல் சென்ட்ரலில்தான் இறங்கினேன். இடையில் என்னென்ன ஸ்டேஷன் போனதென்று கவனிக்கவில்லை. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் தெரு வழியாக நடக்கும்போது பூக்கடைகளைப் பார்த்தேன். கதம்பத்தோடு மரிக்கொழுந்து கட்டி வைத்திருந்தார்கள். அந்த வழியில் எத்தனையோ வருடம் நடந்தவள் நான். அந்த வாசனையை நின்று முகர்ந்ததாக ஞாபகமே இல்லை.

நோய் போன பிறகுதான் வருத்தம் வந்தது. வலியோடு இருந்தபோது வருத்தப்பட நேரம் இருக்கவில்லை. யாரையாவது குறை சொல்ல முடிந்தால் ஆறுதலாக இருக்கும். கிளினிக் டாக்டர் முன்னால் நாள் முழுக்க நெஞ்செரிச்சல்காரர்கள் வரிசையில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நானும் வெட்கப்பட்டதைத் தவிர ஒன்றும் செய்துவிடவில்லை. எல்லோரும் நியாயமாகத்தான் நடந்துகொண்டோம். ஆனாலும் ஒரு பச்சைப்பயறு எங்கள் இருவரின் நடுவயதைத் தின்றுவிட்டது.

உடம்பு தேறியதும் நான் முதலில் கணவரிடம் கேட்டது, பினாங்கு போகலாமா என்றுதான். அவர் போகலாம் போகலாம் என்றார். அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதம் வந்தபோது மழை என்றார். ஏழு இருக்கை வண்டியை எப்போதோ விற்றுவிட்டு ஒரு சின்ன வண்டி வைத்திருந்தார். கண் ஆபரேஷன் செய்துகொண்டதிலிருந்து எதிரே வரும் வெளிச்சம் கூசுகிறதென்று நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை. வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் பாசாருக்குப் போய் மீன் வாங்குவார். மாலையில் சீக்கிரமாகவே சாப்பிட்டுவிடுவார். கேரி தீவுக்குக்கூடப் போவதில்லை. ரயிலில் போகலாம் என்று ஒரு முறை ஈப்போவுக்கு டிக்கெட் எடுத்தேன். வந்தார். போகும்போதும் தூங்கினார், வரும்போதும் தூங்கினார். மலைகள் வந்தபோது எழுப்பினேன். கண்ணைத் திறந்து பார்த்து, அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன், என் மேல் கோபமா என்று. அவ்வளவு காலம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதற்கு.

காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “கோவமெல்லாம் இல்ல. அந்த வயசுல போகணும்னு ஆச இருந்துச்சு. இப்ப அது இல்ல. அவ்ளோதான் லா.”

கோபம் என்றால் சமாதானப்படுத்தலாம். இதற்கு என்ன செய்வது? நான் அடுக்களைக்குப் போய்ச் சோற்றை வடித்தேன். ஆசை என்பது வேண்டும்போது எடுத்துக்கொள்ள அப்படியே காத்திருக்கும் என்று நான் நினைத்திருந்திருக்கிறேன். எனக்குள் அது அப்படித்தான் இருந்தது, அதனால் அவருக்கும் இருக்கும் என்று நம்பிவிட்டேன். அவர் அதை என்னைப் போல அடக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு முறை நான் வேண்டாம் என்றபோதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். எனக்குச் சிரமம் இல்லாமல்.

மகள் இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். அங்கேயே கல்யாணமாகி, ஒரு குழந்தையும் இருக்கிறது. பட்டமளிப்பு நாளைப் பற்றி அவளிடம் ஒரு முறை பேச்செடுத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா, என் பெயரைத் தப்பாகத்தான் கூப்பிட்டார்கள் என்று சிரித்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் பஸ்ஸில் அவள் வீட்டுக்குப் போய் வருகிறேன். அவர் வருவதில்லை. பேரக் குழந்தையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து நான் தனியாகத்தான் அந்தச் சாலையைப் பார்க்கிறேன். செம்பனை முடிந்து சுண்ணாம்புக் குன்றுகள் தொடங்குகிற இடம், பிறகு வயல்கள் விரியும் இடம், கடைசியில் கடல் மேல் பினாங்குப் பாலம். பாலத்தில் ஏறும்போது பக்கத்து இருக்கைக்காரர்கள் பெரும்பாலும் போனில் இருப்பார்கள்.

போன வாரம் திரும்பி வந்தபோது பஸ் நிலையத்துக்குக் கணவர் வந்திருந்தார். பகல் வெளிச்சத்தில், உள்சாலை வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என் பையை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டு, பஸ் எந்த வழியாக வந்தது, ஓய்விடத்தில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நாசி லெமாக், சம்பல் நல்ல காரம், முழுசாகத் தின்றேன் என்றேன். பாலத்தில் காற்று இருந்ததா என்றார். இருந்தது, பஸ் லேசாக ஆடியது என்றேன். கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார். கலங்கலாக, மழைக்கு முன் இருக்குமே அந்த நிறம் என்று சொன்னேன். கிள்ளான் வந்து சேரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.